கேஸ் டர்பைன் கம்பஸ்டரில் வெப்ப ஏற்றம்: என்தால்பி கணக்கைச் சரியாகப் போடும் முறை

660 கெல்வினில் வரும் காற்றை 1500 கெல்வினுக்கு ஏற்ற எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கேட்டால், படித்து முடித்த பலரும் எழுதுவது ஒரே வரிதான்: காற்றின் தன்வெப்பம் 1.005 பெருக்கல் வெப்பநிலை ஏற்றம் 840, அதை எரிபொருளின் கலோரி மதிப்பால் வகுத்தால் விடை. அந்த விடையை நம்பி எரிபொருளை விட்டால் கம்பஸ்டரிலிருந்து (எரிபொருள் எரியும் அறையிலிருந்து) வெளியே வருவது 1500 கெல்வின் அல்ல, 1340 கெல்வின். 160 டிகிரி காணாமல் போகிறது. அது எங்கே போனது, கணக்கில் அதை எப்படிப் பிடிப்பது என்பதை எண்களோடு இங்கே பார்க்கலாம். கால்குலேட்டரும், எந்த வெப்ப இயக்கவியல் புத்தகத்தின் பின்னிணைப்பிலும் இருக்கும் காற்றின் என்தால்பி (அக ஆற்றலோடு அழுத்தம் பெருக்கல் கன அளவைக் கூட்டியது) அட்டவணையும் போதும்.

வெப்பம் வெளியிலிருந்து வருவதில்லை

கேஸ் டர்பைன் இயங்கும் முறையைக் காட்டும் பிரைட்டன் சுழற்சியின் படத்தில் கம்ப்ரசருக்கும் டர்பைனுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டு "வெப்பம் உள்ளே" என்று எழுதியிருப்பார்கள். உண்மையான கம்பஸ்டரில் அப்படி ஓர் அம்பு கிடையாது. வெளிச்சுவர் வழியாகப் போகும் வெப்பம் மிகச் சொற்பம், வருவது ஒன்றுமே இல்லை. தண்டும் இல்லை, ஆகவே வேலையும் இல்லை. நிலையான ஓட்டத்துக்கான ஆற்றல் சமன்பாட்டில் இவ்விரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது ஒன்றுதான்: உள்ளே வரும் மொத்த என்தால்பியும் வெளியே போகும் மொத்த என்தால்பியும் சமம்.

அப்படியானால் வெப்பநிலை எப்படி ஏறுகிறது? மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகும்போது வேதிப் பிணைப்பில் இருந்த என்தால்பி குறைகிறது; அதே அளவு, மூலக்கூறுகளின் இயக்கத்தில் என்தால்பி கூடுகிறது. அதைத்தான் தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை அளவி காண்கிறது.

ஆகவே கணக்கை இரண்டு விதமாகப் போடலாம். ஒவ்வொரு வாயுவின் உருவாதல் என்தால்பியையும் (தனிமங்களிலிருந்து அது உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றத்தையும்) சேர்த்து எழுதி, இரு பக்கமும் சமம் என்று வைப்பது ஒன்று. உருவாதல் என்தால்பிகளின் வித்தியாசத்தை "கலோரி மதிப்பு" என்று ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு, மீதியை வெப்பநிலை சார்ந்த என்தால்பியாக மட்டும் எழுதுவது மற்றது. இரண்டும் ஒரே விடையைத் தரும். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கலந்தால் எரிபொருளின் ஆற்றல் இருமுறை எண்ணப்பட்டு, வெளியேறும் வெப்பநிலை நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். விடை 2000 கெல்வினைத் தாண்டினால் முதலில் இங்கே தேடுங்கள்.

அக ஆற்றலை விட்டுவிட்டு என்தால்பியை எடுப்பதற்கும் காரணம் உண்டு. வாயு ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வரும் வாயு முன்னால் இருப்பதைத் தள்ளும் வேலை, அழுத்தம் பெருக்கல் கன அளவு, ஏற்கெனவே என்தால்பிக்குள் அடங்கியிருக்கிறது. எரியும்போது வாயு விரிவடைவதற்கான வேலையும் அதில்தான் இருக்கிறது. அக ஆற்றலை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த வேலை விட்டுப்போகும், எரிபொருள் கால் பங்குக்கும் மேல் குறைவாக வரும்.

கையில் வேண்டிய எண்கள்

முதலாவது, காற்றின் என்தால்பி. பூஜ்ய கெல்வினிலிருந்து கணக்கிட்ட மதிப்புகள், கிலோவுக்குக் கிலோஜூலில்:

288 கெல்வின்: 288.2
298 கெல்வின்: 298.2
660 கெல்வின்: 670.5
860 கெல்வின்: 888.3
1300 கெல்வின்: 1396.0
1400 கெல்வின்: 1515.4
1500 கெல்வின்: 1636.0
1600 கெல்வின்: 1757.6

660-லிருந்து 1500 வரை போக ஒரு கிலோ காற்றுக்கு 965.5 கிலோஜூல் வேண்டும். 1.005-ஐ வைத்தால் 844 தான் வருகிறது. அறை வெப்பநிலையில் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் இடம்பெயர்கின்றன, சுழல்கின்றன, ஆனால் அதிர்வதில்லை. சூடு ஏற ஏற அதிர்வும் தொடங்கி, கொடுக்கும் ஆற்றலில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. 1500 கெல்வினில் காற்றின் தன்வெப்பம் 1.21 ஆகிவிடுகிறது. 1939-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரில் பிரவுன் போவேரி நிறுவிய 4 மெகாவாட் இயந்திரத்தில் டர்பைன் நுழைவு வெப்பநிலை சுமார் 550 டிகிரி செல்சியஸ். அங்கே மாறாத தன்வெப்பத்தால் வரும் பிழை சில சதவீதத்தோடு நின்றுவிடும். 1600 டிகிரி செல்சியஸைத் தொடும் இன்றைய பெரிய இயந்திரங்களில் அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லை.

இரண்டாவது எண்ணைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். எரிபொருளும் வாயுவாகி, சூடாகி, வெளியே போகிறது. ஒரு கிலோ மீத்தேன் எரியும்போது காற்றிலிருந்து 3.99 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 2.74 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் 2.25 கிலோ நீராவியையும் தருகிறது. அவற்றை 298 கெல்வினிலிருந்து வெளியேறும் வெப்பநிலைக்கு ஏற்ற வேண்டும். காணாமல் போன ஆக்சிஜனை ஏற்ற வேண்டியதில்லை. இந்த நிகர வித்தியாசத்தை "எரிபொருள் கழிவு" என்று வைத்துக்கொள்வோம். மீத்தேனுக்கு அது, எரிபொருள் கிலோவுக்கு:

1300 கெல்வினில் 3820 கிலோஜூல்
1400 கெல்வினில் 4290
1500 கெல்வினில் 4780
1600 கெல்வினில் 5280

நீராவி காற்றைப்போல் இரு மடங்கு வெப்பம் குடிக்கும் என்பதால்தான் இந்த எண் இவ்வளவு பெரியது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஹைட்ரஜன் பங்கு குறைவு. அதன் கழிவு 1500 கெல்வினில் சுமார் 3490.

மூன்றாவது, எரிபொருளின் கீழ் கலோரி மதிப்பு, அதாவது விளையும் நீர் ஆவியாகவே வெளியேறும்போது கிடைக்கும் வெப்பம். தூய மீத்தேனுக்கு கிலோவுக்கு 50,020 கிலோஜூல், விமான மண்ணெண்ணெய்க்குச் சுமார் 43,100. நான்காவது, எரிப்புத் திறன். நல்ல நிலையில் முழுச் சுமையில் ஓடும் கம்பஸ்டருக்கு 99.5 சதவீதத்துக்குக் குறையாது.

கணக்கு: எரிபொருள் எவ்வளவு?

கம்பஸ்டருக்குள் உண்மையில் நுழையும் காற்று நொடிக்கு 100 கிலோ. நுழைவு 660 கெல்வின், வெளியேற்றம் 1500 கெல்வின், எரிபொருள் 298 கெல்வினில் வரும் மீத்தேன்.

காற்றுக்கு வேண்டியது: 1636.0 − 670.5 = 965.5 கிலோஜூல்.

ஒரு கிலோ எரிபொருள் காற்றுக்குக் கொடுக்கக்கூடியது: 0.995 × 50,020 − 4,780 = 44,990 கிலோஜூல்.

எரிபொருள்–காற்று விகிதம்: 965.5 ÷ 44,990 = 0.02146. அதாவது நொடிக்கு 2.146 கிலோ.

எரிபொருளில் வந்த ஆற்றல் 107.3 மெகாவாட். அதில் காற்று வாங்கியது 96.55, எரிபொருளின் சொந்த விளைபொருள்கள் கொண்டுபோனது 10.26, எரியாமல் போனது 0.54. கூட்டினால் 107.35 வருகிறது, பின்னத்தில் உள்ள சிறு வித்தியாசம் முழுமையாக்கியதால் வந்தது. இந்தக் கூட்டலை ஒவ்வொரு முறையும் செய்துவிடுங்கள். அரை நிமிட வேலை, ஆனால் அட்டவணையில் தவறான வரியைப் படித்திருந்தால் இங்கேயே அகப்பட்டுவிடும்.

முதலில் சொன்ன ஒற்றை வரி தந்த விடை 0.0169. அதிலிருந்து 0.0193 வரை ஏற்றியது தன்வெப்பம் மாறுவது. அங்கிருந்து 0.0215 வரை ஏற்றியது பெரும்பாலும் எரிபொருள் கழிவு. எரிப்புத் திறனின் பங்கு இதில் மிகச் சிறியது. எரிப்புத் திறனைப் பற்றி நெடுநேரம் விவாதித்துவிட்டு எரிபொருள் கழிவை மறந்துவிடுகிறவர்கள் இந்த மூன்று எண்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் என்றால்: 965.5 ÷ (0.995 × 43,100 − 3,490) = 0.0245. கிலோ கணக்கில் 14 சதவீதம் கூடுதல்.

திருப்பிப் போடுவது: எரிபொருள் தெரியும், வெப்பநிலை எவ்வளவு?

ஆலையில் பெரும்பாலும் கேள்வி இப்படித்தான் வரும். எரிபொருள் மீட்டர் நொடிக்கு 2.0 கிலோ காட்டுகிறது, காற்று 100 கிலோ, நுழைவு 660 கெல்வின். கழிவு வெளியேறும் வெப்பநிலையைப் பொறுத்தது; அந்த வெப்பநிலைதான் தெரியாது. ஆகவே ஊகித்துத் தொடங்க வேண்டும்.

1400 என்று ஊகித்தால் கழிவு 4,290. வெளியேறும் காற்றின் என்தால்பி: 670.5 + 0.020 × (49,770 − 4,290) = 1580. (49,770 என்பது 0.995 × 50,020.) அட்டவணையில் அது 1454 கெல்வின். இப்போது 1454-க்கான கழிவை இடைச்செருகலாக எடுத்தால் 4,555. மறுபடி போட்டால் 1574.8, அதாவது 1449 கெல்வின். மூன்றாவது சுற்றில் ஒரு கெல்வின்கூட மாறாது. ஊகம் எவ்வளவு தப்பாக இருந்தாலும் இரண்டு சுற்று போதும். கழிவு வெப்பநிலையோடு மெதுவாகவே மாறுவதுதான் காரணம்.

எரிபொருள் மீட்டரில் 1 சதவீதப் பிழை இருந்தால் இந்த வெப்பநிலை சுமார் 7 கெல்வின் தவறும். கம்ப்ரசர் வெளியேற்ற தெர்மோகப்பிளில் 5 கெல்வின் பிழை இருந்தால் 4 கெல்வின் தவறும். ஆகவே சந்தேகம் வந்தால் முதலில் எரிபொருள் மீட்டரைத்தான் சரிபார்க்க வேண்டும்.

கலோரி மதிப்பில் இருக்கும் பொறிகள்

எரிவாயு விற்பவரின் தாளில் இருப்பது பெரும்பாலும் மேல் கலோரி மதிப்பு (நீராவி திரவமாகும்போது வரும் வெப்பத்தையும் சேர்த்தது), ஆலைகளில் ஜிசிவி என்று சொல்வது. இந்தியாவில் உள்நாட்டு இயற்கை எரிவாயுவின் விலையே அந்த அடிப்படையில்தான் அறிவிக்கப்படுகிறது. டர்பைன் தயாரிப்பாளரின் தாளில் இருப்பது கீழ் கலோரி மதிப்பு, அதாவது என்சிவி. கேஸ் டர்பைனின் புகையில் நீர் ஆவியாகவே வெளியேறுவதால் நம் கணக்குக்கு என்சிவி மட்டும்தான் பொருந்தும். மீத்தேனுக்கு இவ்விரண்டின் விகிதம் 1.11. தவறி 55,500-ஐப் போட்டால் எரிபொருள் 0.0191 என்று வரும். 11 சதவீதம் குறைவு. இரண்டு பேர் கணக்கிட்ட திறன்களுக்கு நடுவே பத்துக்கு ஒன்பது என்ற விகிதம் தெரிந்தால் இயந்திரத்தைத் திறக்கும் முன் தாள்களை ஒப்பிடுங்கள்.

அடுத்தது, எரிவாயு தூய மீத்தேன் அல்ல. காவிரிப் படுகை எரிவாயுவில் ஓடும் வழுதூர், குத்தாலம் போன்ற நிலையங்களாகட்டும், குழாயில் வரும் இறக்குமதி வாயுவில் ஓடுபவையாகட்டும், கணக்கைத் தொடங்க வேண்டியது வாயுவின் கலவையைப் பகுத்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவியின் தாளிலிருந்து. அந்தத் தாள் மோல் சதவீதத்தில் இருக்கும். நம் கணக்கோ கிலோவில். 92 மீத்தேன், 4 ஈத்தேன், 1 புரொப்பேன், 2 கார்பன் டை ஆக்சைடு, 1 நைட்ரஜன் என்று ஓர் எடுத்துக்காட்டுக் கலவையை வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் பெருக்கிக் கூட்டினால் 100 மோலுக்கு 1756. எரியும் வாயுக்களின் ஆற்றலை (மீத்தேன் 50.0, ஈத்தேன் 47.5, புரொப்பேன் 46.4 மெகாஜூல் கிலோவுக்கு) கூட்டி வகுத்தால் 46.45 மெகாஜூல். மோலில் 3 சதவீதமே எரியாத வாயு, ஆனால் கலோரி மதிப்பு 7 சதவீதம் இறங்கிவிட்டது. 2 மோல் சதவீத கார்பன் டை ஆக்சைடு எடையில் 5 சதவீதம் ஆவதுதான் பெரும்பங்கு.

எரிபொருளைச் சூடாக்கி விடும் இயந்திரங்களில் இன்னொரு சிறு வரவு உண்டு. பெரிய இயந்திரங்கள் பலவற்றில் எரிவாயுவை 185 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, கொதிகலனிலிருந்து வரும் வெந்நீரால் சூடாக்குகிறார்கள். 25-லிருந்து 185 வரை மீத்தேன் வாங்குவது கிலோவுக்குச் சுமார் 400 கிலோஜூல், அதாவது கலோரி மதிப்பில் 0.8 சதவீதம். வகுக்கும் எண்ணில் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஹீட்டர் நின்றுபோனால் எரிபொருள் கூடுவது மட்டும் பிரச்சினை அல்ல: நாசிலில் வாயுவின் அடர்த்தி ஏறி, வோபி எண் (அதே நாசிலில் அதே அழுத்தத்தில் எவ்வளவு வெப்பம் போகும் என்பதன் அளவு) மாறி, எரிபொருளை மிகுந்த காற்றோடு முன்பே கலந்து எரிக்கும் மெலிந்த முன்கலப்பு பர்னர்களில் சுடர் அதிர்வு தொடங்கலாம். கட்டுப்பாட்டு அமைப்பு சுமையை இறக்கக் கேட்பதும் அதனால்தான்.

ஈரமும் நீரும்

டர்பைன்களை ஒப்பிட வைத்திருக்கும் பொதுவான ஐஎஸ்ஓ நிலை என்பது 15 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். சென்னைக் கடற்கரையில் 35 டிகிரி, அதே 60 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கிலோ உலர் காற்றோடு சுமார் 21 கிராம் நீராவி வருகிறது. 660-லிருந்து 1500 கெல்வினுக்கு ஒரு கிலோ நீராவிக்கு 1965 கிலோஜூல் வேண்டும், காற்றுக்கு 965. ஆகவே ஈரக் காற்றுக்குக் கிலோவுக்கு 2 சதவீதம் கூடுதல் வெப்பம் தேவை. பராமரிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த சோதனைகளை ஒப்பிடும்போது, ஒன்று மழைக்காலத்திலும் மற்றது வறண்ட காற்றிலும் எடுத்தது என்றால், இந்த 2 சதவீதம் மெக்கானிக்கின் மேல் பழியாக விழும்.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க நீர் தெளிக்கும் கம்பஸ்டர்களில் விளைவு மிகப் பெரியது. 25 டிகிரியில் திரவமாக நுழையும் ஒரு கிலோ நீர், ஆவியாக 2,442 கிலோஜூலும், 1500 கெல்வினுக்கு ஏற 2,670 கிலோஜூலும் எடுத்துக்கொள்கிறது, மொத்தம் 5,110. எரிபொருளுக்குச் சம எடை நீர் தெளித்தால் வகுக்கும் எண் 44,990-லிருந்து 39,880 ஆகிறது. எரிபொருள் 0.0242, அதாவது 13 சதவீதம் கூடுதல். டர்பைன் வழியே போகும் வாயுவும் கூடுவதால் உற்பத்தி ஏறும். திறன் இறங்கும்.

அழுத்தமும் வேகமும்

"மாறாத அழுத்தத்தில் வெப்பம்" என்பது ஓரளவுக்கே உண்மை. ஸ்விர்லர் (காற்றைச் சுழற்றிவிடும் தகடுகள்), லைனர் (சுடரைச் சூழ்ந்த உட்சுவர்) துளைகள் வழியே காற்றைத் தள்ளுவதில் 3 முதல் 5 சதவீதம் அழுத்தம் போகும். ஓடும் வாயுவைச் சூடாக்குவதாலேயே இன்னும் கொஞ்சம் போகும். நல்லியல்பு வாயுவின் என்தால்பி அழுத்தத்தைச் சார்ந்ததல்ல என்பதால் மேலே போட்ட எரிபொருள் கணக்கு மாறாது. டர்பைன் தரும் வேலைதான் குறையும். மேலே எடுத்துக்கொண்ட அளவு இயந்திரத்தில் 1 சதவீத அழுத்த இழப்பு நிகர வேலையில் 0.6 சதவீத அளவில் குறைக்கிறது. லைனர் உருக்குலைந்து துளைகள் அடைபட்டால் எரிபொருள் கணக்கில் ஒன்றும் தெரியாமல் உற்பத்தி மட்டும் சரியும்.

வெப்பநிலைகள் எல்லாம் தேக்க வெப்பநிலைகளாக, அதாவது ஓடும் வாயுவை நிறுத்தினால் அது அடையும் வெப்பநிலைகளாக, இருக்க வேண்டும். கம்ப்ரசர் வெளியேற்றத்தில் காற்று நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் கிலோவுக்கு 11 கிலோஜூல், ஏறக்குறைய 11 கெல்வின். ஓரிடத்தில் தேக்கம், மற்றோரிடத்தில் நிலை என்று கலந்தால் அந்த 11 தொலைந்துபோகும்.

எந்தக் காற்று?

இதுவரை 100 கிலோ என்று கொண்டது கம்பஸ்டருக்குள் போகும் காற்று. கம்ப்ரசர் உறிஞ்சும் காற்று அதைவிட அதிகம். ஒரு பங்கு டர்பைன் பிளேடுகளைக் குளிர்விக்கப் பிரிந்து, கம்பஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. பெரிய இயந்திரங்களில் அது உறிஞ்சிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடுவதும் உண்டு. உறிஞ்சும் காற்றை வைத்துக் கம்பஸ்டர் வெப்பநிலையைக் கணக்கிட்டால் வருவது கலந்த, கற்பனையான ஒரு வெப்பநிலை. ஐஎஸ்ஓ 2314 தரநிலை டர்பைன் நுழைவு வெப்பநிலை என்று சொல்வதும் அத்தகையதே. ஒப்பிட வசதியானது, ஆனால் எந்த உலோகமும் அதை உணர்வதில்லை. முதல் வரிசை நாசிலுக்கு முன்னால் உள்ள உண்மையான வெப்பநிலை அதைவிட நூறு டிகிரி அளவுக்குக்கூட உயர்ந்திருக்கலாம். இரண்டு தயாரிப்பாளர்களின் "நுழைவு வெப்பநிலை"யை ஒப்பிடும் முன் எந்த வரையறை என்று கேட்டுவிட வேண்டும்.

உறிஞ்சும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி நம்பகமாக இல்லாவிட்டால், முழு இயந்திரத்தையும் சுற்றி ஒரு கோடு போட்டு அதே என்தால்பி கணக்கால் அதைக் கண்டுபிடிக்கலாம். தண்டில் 38.0 மெகாவாட், எரிபொருள் 2.146 கிலோ, புகை 860 கெல்வின், நுழைவு 288 கெல்வின், பேரிங் மற்றும் வெளிச்சுவர் இழப்பு 0.9 மெகாவாட் என்று வைப்போம். எரிந்து வந்த ஆற்றல் 106.8. அதில் தண்டையும் இழப்பையும் கழித்தால் 67.9. 860 கெல்வினில் மீத்தேனுக்கான கழிவு 1,925; எரிபொருள் விளைபொருள்கள் 4.1 மெகாவாட் கொண்டுபோகும். மிஞ்சிய 63.8 மெகாவாட்டை 888.3 − 288.2 = 600.1 என்பதால் வகுத்தால் காற்று நொடிக்கு 106.3 கிலோ. கம்பஸ்டரில் 100, குளிர்விப்பில் 6.3. புகைக் குழாயில் உள்ள தெர்மோகப்பிள்களின் சராசரி இந்த விடையை ஆட்டிவைக்கும், ஆகவே பழுதான ஒன்றிரண்டை முதலில் ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுங்கள்.

சராசரிக்குள் மறைந்திருப்பவை

0.02146 என்பது ஒரு கிலோ மீத்தேனுக்கு 46.6 கிலோ காற்று. முழுதாக எரியத் தேவையானது 17.2 கிலோ மட்டுமே. கன அளவில் பார்த்தால் கலவையில் மீத்தேன் 3.7 சதவீதம், அறை வெப்பநிலையில் 5 சதவீதத்துக்குக் கீழே அது பற்றவே பற்றாது. காற்று சூடாக வருவதால் எல்லை கொஞ்சம் தளரும், என்றாலும் எல்லாக் காற்றையும் ஒரே இடத்தில் கலந்தால் சுடர் நிலைக்காது. அதனால்தான் பழைய வகை கம்பஸ்டர்களில் ஒரு பங்கு காற்றை மட்டும் முதல் மண்டலத்துக்குள் விட்டு, மீதியைப் பின்னால் துளைகள் வழியே சேர்க்கிறார்கள். அந்த முதல் மண்டலம் 2200 கெல்வினைத் தாண்டும். வெப்பத்தால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடு சுமார் 1800 கெல்வினுக்கு மேல் செங்குத்தாக ஏறுவதால், மெலிந்த முன்கலப்பு வகைகள் சுடரையே அந்த எல்லைக்குப் பக்கத்தில் பிடித்துவைக்கின்றன.

மேலே உள்ள அட்டவணைகளை இந்தச் சுடர் மண்டலத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 2000 கெல்வினுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஒரு பங்கு உடைந்து ஆற்றலைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன; உடைவை விட்டுவிட்ட கணக்கு உண்மையைவிட உயர்ந்த சுடர் வெப்பநிலையைக் காட்டும். அங்கே நாசா வெளியிட்ட சிஇஏ போன்ற சமநிலை நிரல்தான் சரி. 1800 கெல்வினுக்குக் கீழே, காற்று மிகுந்த வெளியேற்ற வாயுவுக்குக் கைக்கணக்கு தாராளமாகப் போதும்.

எரிப்புத் திறனை 99.5 என்று ஊகிக்காமல் புகை அளவீட்டிலிருந்தே எடுக்கலாம். கார்பன் மோனாக்சைடின் கலோரி மதிப்பு கிலோவுக்கு 10,100 கிலோஜூல். ஒரு கிலோ எரிபொருளுக்கு 10 கிராம் கார்பன் மோனாக்சைடு வெளியேறினால் இழப்பு 101 கிலோஜூல், 0.2 சதவீதம். எரியாத மீத்தேன் கிராமுக்கு 50 கிலோஜூல். அது ஐந்து மடங்கு கனமான இழப்பு. குறைந்த சுமையில் இந்த இரண்டும் சேர்ந்து ஏறும்போதுதான் எரிப்புத் திறன் கணக்கில் தெரியத் தொடங்கும்.

வெளியேறும் வாயு எங்கும் 1500 கெல்வினாக இருப்பதும் இல்லை. மிகச் சூடான புள்ளிக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, கம்பஸ்டரில் ஏறிய வெப்பநிலையால் வகுத்து வருவது பரவல் எண். அது 0.2 என்றால் சூடான புள்ளி 1500 + 0.2 × 840 = 1668 கெல்வின். நாசில் பிளேடை எரிப்பது அந்த 1668. ஒரு பர்னரின் எரிபொருள் நாசில் அடைபட்டு மற்றவற்றுக்கு அதிகம் போனாலும் மொத்த என்தால்பி கணக்கு அப்படியே சமமாக இருக்கும். புகை தெர்மோகப்பிள்களுக்கு இடையிலான பரவல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். கம்பஸ்டர் வாயில் நேரடியாக அளக்க முடியாத இயந்திரங்களில் அந்தப் பரவலை ஒவ்வொரு ஷிப்டிலும் பதிவு செய்து, புகையோட்டம் டர்பைனுக்குள் சுழன்று வரும் கோணத்தைக் கழித்து, எந்த பர்னர் என்று பின்னோக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கோணம் சுமையோடு மாறும், ஆகவே முழுச் சுமைக்கும் பாதிச் சுமைக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.